பிரசவத்துக்கு அப்புறம் டிப்ரெஷன்ல விழுந்த பச்ச ஒடம்புக்காரிக்கு மாத்திரையா, பேச்சா, வீட்டுக்கு வர்ற ஆளா? நாங்க எப்படி முடிவு பண்ணோம்

தங்கச்சிக்கு பொண்ணு பொறந்து நாப்பத்தி மூணாவது நாள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து திருப்பாப்புலியூர்ல அம்மா வீட்டுக்கு போறேன், கொழந்த ஏணையில கண்ண தொறந்துட்டு மேல ஓடுற ஃபேனையே பாத்துகிட்டு கெடக்குறா, அழல, சத்தமே இல்ல, தங்கச்சி பக்கத்துல பாய்ல செவுத்த பாத்து திரும்பி படுத்திருக்கா, பால் கட்டி நைட்டி முன்பக்கம் முழுக்க நனைஞ்சிருக்கு, அதுகூட அவளுக்கு தெரியல. "புள்ள முழிச்சிருக்காடி"ன்னேன். "அவளுக்கு நான் இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்க்கா"ன்னா. திரும்பிக்கூட பாக்கல.

அன்னைக்கு ராத்திரியே வீட்டுல பேச்சு ஆரம்பிச்சிடுச்சு. அம்மா, "பச்ச ஒடம்பு, பத்தியம் ஒழுங்கா இருந்து நல்லா தூங்குனா தானா சரியாயிடும், நான் உங்கள எல்லாம் பெத்து வளக்கலையா"ன்னாங்க. சம்பந்தியம்மா போன்ல, ஏதோ பட்டிருக்கும், மந்திரிச்சு கயிறு கட்டுங்கன்னாங்க. மாப்ள டாக்டர்கிட்ட போலாம்னு சொல்லிட்டு அடுத்த நிமிஷமே "பால் குடுக்குறாளே, மாத்திரை போட்டா புள்ளைக்கு ஆகுமா"ன்னு பயந்தாரு. நான் கவுன்சிலிங் கூட்டிட்டு போலாம்னேன். ஆளுக்கு ஒண்ணு சொன்னோம், யாருக்கும் உண்மையா ஒண்ணும் தெரியாது. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நான் படிச்சது, டாக்டருங்ககிட்ட கேட்டது, விசாரிச்சது எல்லாத்தையும் வச்சுதான் இத எழுதுறேன். ஒவ்வொரு வழியும் அம்மாவுக்கு என்ன பண்ணும், கொழந்தைக்கு என்ன பண்ணும், அந்த பலன் எத்தன வருஷம் நிக்கும். இந்த மூணாவது கேள்விய எங்க வீட்டுல மட்டும் இல்ல, நான் பாத்த யாருமே கேக்கல.

மொதல்ல ஒண்ணு தெளிவா இருக்கணும், எல்லா அழுகையும் ஒரே அழுகை இல்ல. பிரசவம் ஆன மொத ஒரு வாரம் பத்து நாள் காரணமே இல்லாம கண்ணு கலங்குறது பாதிக்கு மேல அம்மாக்களுக்கு வரும், ரெண்டு வாரத்துல போயிடும். ரெண்டு வாரம் தாண்டியும் போகாம தூக்கம் போயி, பசி போயி, புள்ளைய தூக்கவே மனசு இல்லாம கெடந்தா அது டிப்ரெஷன். நம்ம நாட்டுல நடந்த ஆய்வுகள எல்லாம் ஒண்ணா சேத்து 2017ல பாத்தப்ப நூத்துக்கு சுமார் 22 அம்மாக்களுக்கு இது இருந்திருக்கு, அஞ்சுல ஒருத்தருன்னு வச்சுக்குங்க. மூணாவது ஒண்ணு இருக்கு, பழைய ஆளுங்க பிரசவ ஜன்னின்னு சொல்லுவாங்க, ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் வரும், திடீர்னு சம்பந்தமில்லாம பேசுறது, இல்லாத குரல் கேக்குறது, ராத்திரி பகல் தூக்கமே இல்லாம ஓடுறது, புள்ளைய பத்தி விபரீதமா ஏதாவது நம்புறது. இதுக்கு ஒப்பீடும் கெடையாது ஒண்ணும் கெடையாது, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. நான் கீழ எழுதுறது எல்லாம் நடுவுல இருக்குற அந்த ரெண்டாவதுக்கு மட்டும்தான்.

எப்படி தெரிஞ்சுக்குறது? 1987ல எடின்பரோவுல இதுக்குன்னே பத்து கேள்வி தயார் பண்ணாங்க, தமிழ்லயும் இருக்கு, 2005ல வேலூர்ல அத நம்ம பொம்பளைங்ககிட்ட சரிபாத்திருக்காங்க. பத்தாவது கேள்வி தன்னையே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதான்னு கேக்கும். நான் அம்மா வீட்டு அடுப்படியில உக்காந்து ஒண்ணொண்ணா படிச்சு காட்டுனேன், அவ கீரை ஆய்ஞ்சுகிட்டே பதில் சொன்னா, பத்தாவதுக்கு வந்தப்ப கை நின்னு போச்சு, "எப்பவாவது"ன்னா. அதுக்கப்புறம் வீட்டுல யாரும் கயிறு கட்டுறத பத்தி பேசல.

சரி, மொத வழி, அம்மா சொன்னது. தாய் வீட்டுலயே வச்சு சோறு போட்டு தூங்க வச்சு காத்திருக்குறது. இத நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். வேலூர் பக்கம் கிராமத்துல பிள்ளைத்தாச்சிங்கள பிரசவம் வரைக்கும் அதுக்கப்புறமும் தொடர்ந்து பாத்து 2002ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல புதுசா நூத்துக்கு 11 பேருக்கு டிப்ரெஷன் வந்திருக்கு. யாருக்கு அதிகமா வந்துச்சுன்னு பாத்தா காரணம் எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு: வருமானம் கம்மி, பையன் வேணும்னு நெனச்ச எடத்துல பொண்ணு பொறந்தது, மாமியாரோடயோ பெத்தவங்களோடயோ ஒத்துப்போகாம இருந்தது, ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. எங்க தங்கச்சிய பாக்க வந்த மொத ஆறு பேர்ல நாலு பேர் "பரவால்ல, அடுத்தது பையனா பொறக்கும்"னுதான் சொன்னாங்க, நான் கூடவே இருந்து கேட்டேன். அப்போ வீட்டு ஒத்தாசைங்கறது வெறும் பத்திய சோறு இல்ல, மருந்தோட ஒரு பங்கு அதுதான். ஆனா அது மட்டும் போதுமான்னா போதாது, ஏன்னா பெரும்பாலான அம்மாக்கள் ஏழெட்டு மாசத்துல ஓரளவு தானா தேறிடுவாங்கங்கறது உண்மைதான், அந்த ஏழெட்டு மாசம் ஒரு கைக்கொழந்தைக்கு எவ்ளோ பெருசுன்னு யோசிங்க. 1970கள்ல எட்வர்ட் ட்ரானிக்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் அம்மாக்கள கொஞ்ச நேரம் மட்டும் மொகத்துல எந்த அசைவும் இல்லாம புள்ளைய பாக்க சொன்னாரு, புள்ளைங்க மொதல்ல சிரிச்சு பாக்கும், கைய நீட்டும், சத்தம் குடுக்கும், அப்பவும் அம்மா அசையலன்னா மொகத்த திருப்பிக்கும். அத படிச்சதும் எனக்கு அந்த ஃபேன்தான் ஞாபகம் வந்துச்சு. நாங்க "எவ்ளோ சமத்து, அழவே மாட்டேங்குறா"ன்னு பெருமையா சொல்லிட்டு இருந்தோம்.

ரெண்டாவது, மாத்திரை. நாங்க மொதல்ல போன ஒரு தனியார் கிளினிக்ல மூணு நிமிஷம் கூட பேசல, "எல்லாருக்கும் வர்றதுதான்மா, தைரியமா இரு"ன்னு சத்து மாத்திரை எழுதி அனுப்பிட்டாங்க, அதுல ரெண்டு வாரம் வீணா போச்சு. அப்புறம் ஒரு மனநல டாக்டர்கிட்ட போனதும் அவங்க ஹீமோகுளோபின், தைராய்டு ரெண்டையும் மொதல்ல பாக்க சொன்னாங்க, ஏன்னா பிரசவத்துக்கு அப்புறம் தைராய்டு கெட்டாலும் ரத்தம் கம்மியா இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும். பால் குடுக்கற அம்மாவுக்கு செர்ட்ரலின் மாதிரி மாத்திரை தாய்ப்பால்ல ரொம்ப கொஞ்சமாதான் போகும், அதனாலதான் டாக்டருங்க அடிக்கடி அத தேர்ந்தெடுக்குறாங்கன்னு பொறுமையா சொன்னாங்க, மாப்ள மொகம் தெளிஞ்சுது. வேல செய்ய ரெண்டு மூணு வாரம், சில பேருக்கு இன்னும் கூட ஆகும், நல்லாயிடுச்சுன்னு நாமளே நிறுத்தக் கூடாது. டிப்ரெஷன் கடுமையா இருந்தா மாத்திரைய தள்ளிப்போட்டு வேற வழி தேடுறது தப்புங்கறதுதான் என் கருத்து, ஏன்னா எழுந்து உக்காரவே முடியாதவ எந்த கவுன்சிலிங்ல போயி என்ன பேசுவா? ஆனா மாத்திரை அம்மாவோட இருட்ட கொறைக்கும், அவ்ளோதான், புள்ளையோட எப்படி பேசுறதுன்னு அது சொல்லித் தராது.

மூணாவது, அம்மாவுக்கு மட்டும் பேச்சு சிகிச்சை, அதாவது கவுன்சிலிங் மாதிரி உக்காந்து மனசு விட்டு பேசுறது. நான் இதுலதான் ரொம்ப நம்பிக்கையா இருந்தேன், படிச்சப்போ கொஞ்சம் ஆடிப் போயிட்டேன். இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல 193 அம்மாக்கள நாலு பங்கா பிரிச்சு மூணு பங்குக்கு மூணு விதமான பேச்சு சிகிச்சை, ஒரு பங்குக்கு வழக்கமான கவனிப்பு மட்டும்னு குடுத்து பாத்தாங்க, பிரசவம் ஆகி எட்டாவது வாரத்துல இருந்து பதினெட்டாவது வாரம் வரைக்கும். நாலரை மாசத்துல மூணு சிகிச்சையும் அம்மா மனச நல்லா தூக்கி விட்டிருக்கு, ஒம்பது மாசத்துல பாத்தா சிகிச்சை எடுக்காதவங்களும் அதே எடத்துக்கு வந்துட்டாங்க, புள்ளைங்களுக்கு அஞ்சு வயசு ஆனப்ப படிப்புலயோ நடத்தையிலயோ எந்த வித்தியாசமும் இல்ல. 2003ல வந்த முடிவு இது. அமெரிக்காவுல அயோவாவுல 120 அம்மாக்களுக்கு 12 வாரம் பேச்சு சிகிச்சை குடுத்து பாத்தது 2007ல வந்துச்சு, அம்மாவுக்கு டிப்ரெஷன் கொறஞ்சிடுச்சு, ஆனா ஒன்றரை வருஷம் கழிச்சும் புள்ளைக்கு அம்மா மேல இருக்குற ஒட்டுதல், டிப்ரெஷனே வராத அம்மாக்களோட புள்ளைங்க அளவுக்கு வரல. அதுக்காக பேச்சு சிகிச்சை வேஸ்ட்டுன்னு சொல்ல மாட்டேன், நாலு மாசம் முன்னாடியே ஒருத்திக்கு நிம்மதி வருதுன்னா அந்த நாலு மாசமும் அவளோட வாழ்க்கைதானே. ஆனா பத்து வாரம் அம்மாவ மட்டும் உக்கார வச்சு பேசிட்டு, அதோட பலன் புள்ளை பள்ளிக்கூடம் போற வரைக்கும் நிக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நாலாவது வழி வீட்டுக்கே வந்து பேசுற ஆள், டாக்டர் படிப்பு படிக்காத ஆள். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். பாகிஸ்தான்ல ராவல்பிண்டி பக்கத்து கிராமங்கள்ல, நம்ம ஊரு கிராம நர்சம்மா மாதிரி வீடு வீடா போற சுகாதார பணியாளருங்களுக்கு கொஞ்ச நாள் பயிற்சி குடுத்து, வயித்துல புள்ள இருக்குற கடைசி மாசத்துல ஆரம்பிச்சு பொறந்து பத்து மாசம் வரைக்கும் மொத்தம் 16 தடவ போக வச்சாங்க. டிப்ரெஷன்ல இருந்த 903 அம்மாக்கள், 2008ல முடிவு வந்துச்சு. இன்னொரு பக்கத்து அம்மாக்களுக்கும் அதே அளவு தடவ ஆள் போயிருக்காங்க, ஆனா அவங்களுக்கு இந்த பயிற்சி கெடையாது. ஆறாவது மாசத்துல பயிற்சி எடுத்தவங்க போன வீடுங்கள்ல நூத்துக்கு 23 பேருக்குத்தான் டிப்ரெஷன் இருந்துச்சு, மத்த பக்கம் 53. ஒரு வருஷத்துல 27க்கு 59. புள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு கம்மி, தடுப்பூசி ஒழுங்கா போட்டிருக்காங்க. இவ்ளோ நல்லா வேல செஞ்ச இதுலயும் அந்த புள்ளைங்கள ஏழு வயசுல போயி பாத்தப்ப, 2015ல வெளிவந்துச்சு, அறிவு வளர்ச்சி, நடத்தை, ஒடம்பு வளர்ச்சி எதுலயும் ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்ல. அத படிச்சிட்டு நான் ஃபோன கீழ வச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்துட்டேன். பத்து மாசம் கையப் புடிச்சுகிட்டு இருந்தாங்க, அப்புறம் ஆறு வருஷம் யாரும் வரல, அதே வறுமை அதே வீடு. நடுவுல விட்டா கரைஞ்சு போகத்தானே செய்யும்.

அஞ்சாவது, அம்மாவையும் புள்ளையையும் ஒண்ணா உக்கார வச்சு செய்யுறது. கண்ணுக்கு முன்னாடி புள்ள, அது என்ன சொல்லுதுன்னு அம்மாவுக்கு காட்டிக் குடுக்குறது, பாதி எடத்துல அவங்க வெளையாடுறத வீடியோ எடுத்து அவங்களுக்கே போட்டுக் காட்டுறது. அமெரிக்காவுல ரோச்செஸ்டர்ல புள்ள பொறந்ததுல இருந்து டிப்ரெஷன்ல இருந்த அம்மாக்களும் தத்தி தத்தி நடக்குற வயசு புள்ளைங்களும் சேந்து வாராவாரம் வந்தாங்க, ஒரு வருஷத்துக்கு மேல. ஆரம்பத்துல நூத்துக்கு 17 புள்ளைங்கதான் அம்மாவோட பத்திரமான ஒட்டுதல்ல, அதாவது அம்மாவ நம்பி ஒட்டிகிட்டு இருந்துச்சு, மூணு வயசுல அது 67 ஆச்சு, இப்படி சிகிச்சை எடுக்காதவங்ககிட்ட அந்த மாற்றம் இல்ல. நெதர்லாந்துல எட்டு பத்து தடவ வீட்டுக்கு போயி வீடியோ போட்டுக் காட்டுனாங்க, மொதல்ல நல்ல பலன், அஞ்சு வயசுல பாத்தா எல்லாருக்கும் நிக்கல, வாழ்க்கையில அடிமேல அடி விழுந்த குடும்பத்து புள்ளைங்களுக்கு மட்டும் மொரட்டுத்தனம் கொறைவா இருந்துச்சு. இன்னொண்ணும் நேர்மையா சொல்லணும், இங்கிலாந்துல 2018ல வந்த ஆய்வுல நாள்பட்ட டிப்ரெஷன் இருந்த 144 அம்மாக்களுக்கும் பேச்சு சிகிச்சை குடுத்து, பாதி பேருக்கு வீடியோ, பாதி பேருக்கு ஒடம்ப தளர்த்துற பயிற்சின்னு சேத்து பாத்தாங்க, ரெண்டு வயசுல ரெண்டு பக்கத்து புள்ளைங்களுமே நல்லா இயல்பா இருந்துச்சு. அப்போ வீடியோதான் மாயம்னு சொல்ல முடியாது. ஆனா அதுல ஒரு விஷயம் கவனிச்சேன், ஒரு வயசுக்குள்ள வீட்டுலயே 11 தடவ, அப்புறம் ரெண்டாவது வருஷத்துலயும் ரெண்டு தடவ திரும்ப போயிருக்காங்க. கைவிடல.

நான் தேடுனதுல ரொம்ப நாள் நின்ன பலன் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, அது டிப்ரெஷனுக்குன்னு பண்ணதே இல்ல. ஜமைக்காவுல கிங்ஸ்டன்ல 1980கள் கடைசியில, வளர்ச்சி குன்றிப்போன 129 கொழந்தைங்க, ஒன்பது மாசத்துல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் உள்ளதுங்க. ஒரு பங்கு வீடுகளுக்கு சாதாரண சுகாதார பணியாளர் வாரம் ஒரு மணி நேரம், ரெண்டு வருஷம் விடாம போயி, வீட்டுல கெடக்குற டப்பா மூடி துணி வச்சு வெளையாட்டு சாமான் பண்ணி, அம்மாவ புள்ளையோட எப்படி வெளையாடுறதுன்னு பழக்கி விட்டாங்க. அந்த புள்ளைங்க 22 வயசு ஆனப்ப 2014ல வந்த கணக்குப்படி அவங்க சம்பளம் மத்தவங்கள விட 25 சதவீதம் அதிகம். ரெண்டு வருஷம், வாராவாரம், புள்ளைய மடியில வச்சு.

ஆஸ்பத்திரியில சேக்குறது பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா எங்க வீட்டுல இந்த பயம்தான் பெருசா இருந்துச்சு, சேத்துட்டா புள்ளைய பிரிச்சிடுவாங்கன்னு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல மூணு வயசுக்கு கீழ இருக்குற புள்ளைய, சிகிச்சைக்கு சேர்ந்த அம்மாகிட்ட இருந்து சாதாரணமா பிரிக்கக் கூடாதுன்னே இருக்கு, அம்மாவால புள்ளைக்கு ஆபத்துன்னு டாக்டர் நெனச்சாதான் விதிவிலக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ்ல அம்மாவும் கைக்கொழந்தையும் ஒண்ணா தங்குற வார்டு 2009ல இருந்து இருக்கு. எங்களுக்கு அந்த அளவு தேவப்படல, ஆனா நெலம மோசமானா அங்கதான் போறதுன்னு மொதல்லயே பேசி வச்சுகிட்டோம்.

அப்போ நாங்க என்ன எடுத்தோம்? ஒண்ண எடுத்து மத்தத விடல, வரிசையா அடுக்குனோம். மாத்திரை டாக்டர் சொன்னபடி. கடலூர்ல இருந்து பாண்டிச்சேரிக்கு பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ பஸ்ல போயி ஒரு கவுன்சிலர்கிட்ட உக்காந்தோம், இவங்கள நாங்க தேர்ந்தெடுத்ததுக்கு ஒரே காரணம்தான், போன்ல கேட்டப்ப "கொழந்தையையும் தூக்கிட்டு வாங்க, கொழந்தை இல்லாம வராதீங்க"ன்னு சொன்னாங்க. இன்னும் பேர் போன ஒரு எடத்துல "புள்ளைய யார்கிட்டயாவது விட்டுட்டு வாங்க, தொந்தரவா இருக்கும்"னாங்க, அத அங்கயே விட்டுட்டோம். அம்மா வீட்டு தெருவுலயே ரிட்டையர் ஆன பால்வாடி டீச்சரம்மா ஒருத்தங்க இருக்காங்க, அவங்ககிட்ட போயி கெஞ்சி கேட்டேன், செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஒரு மணி நேரம் வரணும், ரெண்டு வருஷத்துக்கு வரணும்னு. மொதல்ல சிரிச்சாங்க, அப்புறம் சரின்னாங்க.

மூணாவது தடவ பாண்டிச்சேரி போனப்ப நடந்தது இது. கவுன்சிலர் என் ஃபோன்லயே ஒரு நாலு நிமிஷம் வீடியோ எடுத்தாங்க, தங்கச்சி புள்ளைய மடியில போட்டு துணி மாத்துறா, அவ்ளோதான். அப்புறம் போட்டுக் காட்டுனாங்க, குறை ஒண்ணுமே சொல்லல, ஒரு எடத்துல நிறுத்துனாங்க. இவ பின்னூசிய எடுக்க திரும்புறா, புள்ளையோட கண்ணு அவ மொகத்தையே தொடந்து போயி, இவ திரும்பி வர்ற வரைக்கும் அங்கயே நிக்குது, வந்ததும் வாய் லேசா தொறக்குது. "பாப்பா யார தேடுறா?"ன்னாங்க. தங்கச்சி ஃபோன கையில வாங்கி திரும்ப திரும்ப அந்த மூணு செகண்ட ஓட்டிப் பாத்தா, "என்னையா பாக்குறா"ன்னு கேட்டா, யார கேட்டான்னு தெரியல. ரெட்டியார்பாளையத்துல இருந்து பஸ்ஸ்டாண்டு வர்ற வரைக்கும் ஆட்டோவுல அவ பேசவே இல்ல, புள்ள மொகத்தையே பாத்துட்டு வந்தா.

எல்லாருக்கும் இதே அடுக்குன்னு சொல்ல மாட்டேன். லேசா இருக்கு, வீட்டுல ஒத்தாசை இருக்குன்னா பேச்சும் ஆள் துணையும் போதும், மாத்திரைக்கு அவசரம் இல்ல. சாகணும்னு ஒரு தடவ தோணியிருந்தாலும் மனநல டாக்டர்தான் மொதல்ல, அன்னைக்கே. காசு இல்லன்னா தயங்க வேண்டாம், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு, பாண்டிச்சேரி பக்கம்னா கோரிமேட்டுல ஜிப்மர், அங்க மனநலத் துறையும் பிரசவப் பிரிவும் ஒரே வளாகத்துல. நேர்ல போக முடியலன்னா 14416, டெலி மானஸ், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, இலவசம், எந்த நேரமும் தமிழ்ல பேசலாம், தங்கச்சி ஒரு தடவ விடியக்காலம் மூணு மணிக்கு கூப்புட்டிருக்கா, எனக்கு பின்னாடிதான் சொன்னா.

யார்கிட்ட போனாலும் கேளுங்க: புள்ளையும் கூட வரலாமா, பத்து தடவைக்கு அப்புறம் என்ன, ஒரு வயசு ஆனப்ப நீங்க திரும்ப பாப்பீங்களா, நான் மறுபடி சரிஞ்சா யாருக்கு போன் பண்றது. டாக்டரோட டிகிரிய விட இந்த கேள்விக்கு கெடைக்கிற பதில்தான் எங்களுக்கு உதவுச்சு. புருஷனுக்கும் ஒரு வேலை கண்டிப்பா குடுங்க, மாப்ள ராத்திரி ஒரு மணி பால பாட்டில்ல எடுத்து வச்சு தானே குடுக்க ஆரம்பிச்சதுல தங்கச்சிக்கு அஞ்சு மணி நேரம் தொடர்ச்சியா தூக்கம் கெடச்சுது, அந்த வாரத்துல இருந்துதான் அவ சாப்பாட்ட ருசிச்சு சாப்ட்டா.

இப்ப பாப்பாவுக்கு பதினாலு மாசம். மாத்திரைய டாக்டர் மெதுவா கொறைச்சுகிட்டு வர்றாங்க. பாண்டிச்சேரிக்கு இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவ. செவ்வாய்க்கிழமை டீச்சரம்மா நிறுத்தல, போன வாரம் ஷாம்பு டப்பாவுல புளியங்கொட்ட போட்டு மூடி ஒட்டி ஒரு கிலுகிலுப்ப பண்ணிக் குடுத்தாங்க, பாப்பா அத எடுத்துட்டு நேரா அடுப்படிக்கு அம்மாகிட்ட நடந்து போனா, ஆட்டிக் காட்டுனா, இவ கரண்டிய கீழ வச்சுட்டு உக்காந்து "குடு, எனக்கும் குடு"ன்னு கைய நீட்டுனா.